கிருமிக்குக் கற்பு உண்டோ?

கிளமிடியா என்பது ஒரு கிருமியின் பெயர். 1907-ஆம் ஆண்டு ஜாவாத் தீவில் கண்ணோயாளிகளிடம் எடுத்த திசுவிலே ஹால்பர்ஸ்டாட்டர், புரோவாசெக் என்னும் அறிஞர் இருவர் இதனைக் கண்டனர். இதன் ஒரு வகை விழியைத் தாக்கிக் குருடாக்கும். அதற்கு டிரக்கோமா என்று பெயர். பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து அந்நோயை இந்தியா அகற்றிவிட்டதென 2024-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நல்லது. கண்ணோய் வந்தவனை 'ஒழுக்கங்கெட்டவன்' என்று எவரேனும் ஏசினரோ? இல்லை! இரங்கினர், மருந்திட்டனர்.

அக்கிருமியின் மற்றொரு வகை சிறுநீர்த் தாரையில் குடியேறட்டும். அவ்வளவுதான்! கிருமி மறைந்துவிடும், பாவம் பிறந்துவிடும். 'பொம்பளைச் சீக்கு' என்று பெயரும் சூட்டிவிடுவர். ஆணிடமிருந்து பெண்ணுக்கும் பெண்ணிடமிருந்து ஆணுக்கும் பரவும் நோய்க்குப் பெண்ணின் பெயராம்! மேல்நாட்டானும் சளைத்தவனல்லன்; வீனஸ் என்னும் பெண் தெய்வத்தின் பெயரைத்தான் அவன் பால்வினை நோய்க்குத் தேர்ந்தெடுத்தான்.

ஓசூர் சிப்காட்டை எண்ணிப் பாருங்கள். ஊரை விட்டு, உற்றாரை விட்டு வந்து, ஓரறையில் அறுவராக உறங்கும் இளைஞர் கூட்டம். இரவுப் பணி, இயந்திர இரைச்சல். அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு மொழி. அங்கே ஒருவனுக்குச் சிறுநீர் கழிக்கையில் எரிகிறதென்று வைத்துக்கொள்வோம். 'உலைச் சூடு' என்பான்; இளநீர் பருகுவான், மோர் குடிப்பான். எரிச்சல் அடங்கினால், நோய் போயிற்றென்று நம்புவான். போகவில்லை! அது உயிரணுவுக்குள் ஒளிந்து வாழும் கிருமி. வழக்கமான சிறுநீர் வளர்ப்புச் சோதனையிலும் அகப்படாது. கிருமியின் மரபணுவைத் தேடும் தனிச்சோதனை வேண்டும். ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், பெண்களில் பெரும்பாலோர்க்கும் அறிகுறியே தோன்றுவதில்லை.

விடுமுறைக்கு அவன் ஊத்தங்கரைப் பக்கத்துச் சிற்றூருக்குச் செல்கிறான். மனைவிக்கு வலியில்லை, எரிச்சலில்லை. ஆனால் மருந்து காணாத கிருமி சிலருக்குக் கருக்குழாய் வரை ஏறித் தழும்பேற்றி அடைத்துவிடுகிறது. ஆண்டுகள் ஓடுகின்றன. 'மலடி' என்கிறது ஊர். மரத்திலே தொட்டில் கட்டச் சொல்கிறாள் மாமியார். கட்டுகிறாள் அவள், வாய் திறவாமல் அருகே நிற்கிறான் அவன்! கருவுற்றாலும், பிறக்கும்போதே சேயின் கண்ணில் தொற்று ஏறக்கூடும். நோய் பாவத்தின் சம்பளமெனில், கண் திறவாத அச்சேய் செய்த பாவம் யாது?

'சொன்னால் குடும்பம் சிதையுமே' என்பர் சிலர். அந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளேன். முதலில் நோய் கண்டறியப்படுபவள் மனைவியாயின், உண்மைக்குப் பரிசாக உதைதான் கிடைக்கும். வீட்டைவிட்டு விரட்டவும் செய்வர். ஆகவே சொல்லும் கடமை இருவர்க்கும் ஒரே எடையன்று. அடிபடும் அச்சமில்லாத ஆணுக்கு மௌனம் வெறும் வசதி. அவளுக்கோ அது உயிர்க்காப்பு. அவள் தனியே சொல்ல வேண்டியதில்லை, மருத்துவர் துணை நிற்க வேண்டும்.

'யாரிடமிருந்து வந்தது?' என்று வழக்காடுவோரும் உளர். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கிலும் ஓசையின்றித் தங்கவல்லது இக்கிருமி. சோதனைத் தாள் நோயைக் காட்டும், நாளைக் காட்டாது. அதை வைத்துக் கற்புக்குத் தீர்ப்பெழுதுவோர், முன்பு அம்மை நோயை அம்மன் சினமென்றவரின் வாரிசுகளே.

மருந்தோ எளிது. டாக்ஸிசைக்கிளின் 100 மில்லிகிராம், நாளைக்கு இருவேளை, ஏழு நாள்; கருவுற்றவர்க்கு அசித்ரோமைசின். மருத்துவர் சொற்படி இருவரும் உண்டு, ஏழு நாள் விலகியிருத்தல் வேண்டும். ஒருவர் மட்டும் உண்டால், மற்றவரிடமிருந்து கிருமி மீண்டும் வரும். அரசு மருத்துவமனையின் சுகவாழ்வு மையத்தில் இணையருக்கும் சேர்த்தே மருந்து தருகின்றனர். அந்த இரண்டாம் பொட்டலத்தை அவன் வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றானா, அன்றிப் பேருந்தேறுமுன் எறிந்துவிடுகின்றானா?