கதவைத் தட்டும் மாணவர்கள்

மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடியிருப்பதும் மருத்துவம் கிடைப்பதும் ஒன்றல்ல. சிங்கப்பூர் பொது மருத்துவமனைக்குச் சற்றுத் தள்ளித்தான் புக்கிட் மேராவின் அரசு வாடகை வீடுகள். இத்தகைய வீடுகளில் இருப்பவர்கள், சொந்த வீட்டுக்காரர்களைவிடக் குறைவாகவே உடற்பரிசோதனைக்குப் போகிறார்கள். இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர்களில் மருத்துவ மாணவர்களும் உண்டு.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ, தாதிமை மாணவர்கள் 2007 முதல் தாமான் ஜூரோங் போன்ற பேட்டைகளில் வாடகை வீட்டுக் கதவுகளைத் தட்டி வருகிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் வீட்டு வாசலிலேயே, இலவசமாக. (சான்றிதழுக்காக வருகிறவர்களும் இருக்கலாம். இருக்கட்டுமே, ரத்த அழுத்தப் பட்டையைச் சரியாகக் கட்டினால் போதும்!) ஆனால் ‘ரத்த அழுத்தம் 160’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினால், முதியவருக்கு மிஞ்சுவது பயம் மட்டுமே. பலதுறை மருந்தகத்துக்குப் போனாரா, மாத்திரை வாங்கினாரா என்று பார்க்கத் திரும்பவும் அதே கதவைத் தட்ட வேண்டும். என் கணக்கில் இரண்டாவது முறை தட்டுவதுதான் தொண்டூழியம்.

ஞாயிறு மாலை தேக்காவில் கூடும், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த நம் தமிழ் ஊழியர்களின் சிக்கல் வேறு. வலியைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. இவர்களைப் போன்ற வெளிநாட்டு ஊழியர்களுக்காக 2006-இல் தொடங்கிய ‘ஹெல்த்சர்வ்’ அமைப்பிலும் தொண்டூழியர்கள் உதவுகிறார்கள். அத்தகைய இடத்தில் தமிழ் பேசும் மாணவர் ஒருவர், “அண்ணே, சாப்பிட்டீங்களா? முதுகு எத்தனை நாளா வலிக்குது?” என்று கேட்டால், படிவத்தில் இல்லாத பதிலும் வரும்.