மூளையின் படமும் மனத்தின் பாரமும்

மனச்சோர்வுற்று முடங்கிக் கிடப்பவரைக் கண்டு, “இது நோயா, மனவுறுதி இல்லாமையா?” என வினவுவோர் நம்மிடையே இன்றும் உளர். நோயே என்பதற்கு நெடுங்காலம் காட்டப்பட்ட சான்று, மூளையில் செரோற்றோனின் என்னும் இரசாயனம் குறைந்துள்ளது என்பதாகும்.

2022 யூலையில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜொவானா மொன்கிறீவ் குழுவினர், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, இதற்கு உறுதியான ஆதாரமில்லை என்றனர். அவ்வாண்டின் இறுதியிலேயே அந்நகரின் இம்பீரியல் கல்லூரியினர் வேறொன்று கண்டனர். சோர்வுற்ற 17 பேருக்கும் நலமுள்ள 20 பேருக்கும் அம்பெற்றமின் கொடுத்து, கதிரியக்கச் சுவட்டுப்பொருளின் துணையுடன் மூளையைப் படம்பிடித்தனர். செரோற்றோனின் பெருகினால் அச்சுவடு விலகும். நலமுள்ளோரில் விலகியது, சோர்வுற்றோரில் அவ்வளவாக விலகவில்லை. முக்கியமான ஆய்வுதான்; ஆனால் பதினேழு பேர்! அவர்களிலும் சிலர் பார்க்கின்சன் நோயாளர். தவிரவும், இப்படம் குழுவின் சராசரியையே காட்டும். ‘இவர் நோயாளி, இவர் சோம்பேறி’ என ஒருவரைச் சுட்டிப் பிரித்துரைக்காது.

விஞ்ஞானிகளின் வழக்கு முடியும்வரை நம் இரக்கமும் காத்திருக்க வேண்டுமா? காய்ச்சல்காரருக்கு வெப்பமானியைப் பார்த்த பின்னரா கஞ்சி வைக்கிறோம்? ‘செபித்தால் தீரும்’ என்று மட்டும் சொல்லி ஒருவரை அனுப்பிவிட்டவன் நான். அவர் அதற்கு முன்பே செபித்துக் களைத்திருந்தார் என்பதைக் கேட்டறியவில்லை.

குளிசை உட்கொள்வோர் இச்செய்திகளைப் படித்துத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, உறக்கமின்மை, பதற்றம் வரக்கூடும். வைத்தியரைக் கேட்டுச் சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும்.