தவறிய கையும் தௌபாவும்

மருந்து மாறிப்போய் ஒரு நோயாளி இறந்துவிட்டால், அதைக் கொடுத்த நர்ஸின் நிலை என்ன? நம் திண்டுக்கல்லிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் பெண்மக்கள் உண்டு. ஆதலால் இது நம் வீட்டுக் கேள்வியே.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது தெரியவந்தது. சிவகாசி அரசு இரத்த வங்கியின் பரிசோதனையில் நேர்ந்த பிழை அது. தம் நோயை அறியாமல் இரத்தம் கொடுத்திருந்த இளைஞர், விஷயம் தெரிந்ததும் தாமே முன்வந்து சொன்னார். பின்னர் வேதனை தாங்காமல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். குற்றமற்றவருக்கே இக்கதி என்றால், பிழை செய்த ஊழியரின் உள்ளம் என்ன பாடுபடும்!

அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனம், கை தவறி நேர்ந்த கொலையை வேண்டுமென்றே செய்த கொலையோடு சேர்க்கவில்லை. தெரியாமல் நடந்ததென்று சும்மா விடவும் இல்லை. இறந்தவரின் குடும்பத்துக்குத் திய்யத் எனும் நஷ்டஈடு. அவர்கள் விட்டுக்கொடுத்தால் அது தர்மம். அடிமையை விடுதலை செய்ய இயலாதவருக்கு இரண்டு மாதத் தொடர் நோன்பு. இன்றைய நிகழ்ச்சிகளுக்கு இச்சட்டம் எப்படிப் பொருந்தும் என்பதை உலமாக்களிடம் கேட்டறிய வேண்டும். ஆனால் ஒன்று தெளிவு: மனம் உடைந்து மூலையில் கிடக்க மார்க்கம் சொல்லவில்லை, செய்ய வேண்டிய காரியத்தைக் கொடுத்திருக்கிறது.

ஆகவே பிழைத்தவர் முதலில் உண்மையைச் சொல்லட்டும். மறைத்துவைத்துக் கேட்கும் தௌபா அடியார்களின் ஹக்கைத் தீர்க்காது. அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழப்பதும் ஆகாது. நீதி கேட்க நமக்கு உரிமையுண்டு. ஆனால் உண்மை சொன்னவர் மீது நாம் கை ஓங்கினால், அடுத்தவர் வாய் மூடிக்கொள்வார். அதே பிழை அடுத்த கட்டிலிலும் நேரும்.