இரண்டு விலை

புதுவை மதியச் சாப்பாட்டில் உட்காரும் நேரத்தில்தான் பாரிஸ் பங்குச்சந்தை திறக்கிறது. அங்கே பங்கு வைத்திருக்கும் நம்மூர்க்காரருக்கு எப்போதும் இரண்டு விலை: பங்கின் விலை ஒன்று, யூரோவின் விலை இன்னொன்று. பங்கு நூற்றுக்குப் பத்து சரிந்து, யூரோ நூற்றுக்குப் பத்து ஏறினால் சரிக்குச் சரி என்று மனம் ஆறுதல் சொல்லும். கணக்கு அவ்வளவு கருணையுள்ளதல்ல. 100 ரூபாய் 99 ஆகியிருக்கும். 1999-இல் ஒரு யூரோவுக்கு 6.55957 பிரெஞ்சு ஃபிராங்க் என்று பூட்டுப் போட்டார்கள். ரூபாய்க்கு அந்தப் பூட்டு கிடையாது. விற்காதவரை லாபமும் காகிதம், நட்டமும் காகிதம். மாடி ஒழுகி மராமத்துக்குப் பணம் தேடும் ஐப்பசி மழையில், அன்றைக்கு அந்த இரண்டு விலையும் எங்கே நிற்கின்றனவோ, அதுதான் கைக்கு வரும் ரூபாய்.