குழிக்கு மூடி, வயருக்குக் குழாய்

கேரேஜ் சுவரின் மேல் வெளியே தெரியும்படி ஓடும் வயருக்கு எந்த மூடி போதும்? எலக்ட்ரீஷியனுக்கு இது பொருள் தேர்வு. ஆனால் ‘போதும்’ என்ற சொல் ஓர் அறக்கேள்வியையும் எழுப்புகிறது: தன் இடத்தில் உள்ள ஆபத்தை எந்த அளவுக்கு மூடினால் ஒருவரின் பொறுப்பு தீரும்? இதை நுணுக்கமாக அலசிய மரபுகளில் யூதச் சட்ட மரபு முக்கியமானது.

அதன் வேர் விவிலியத்தில் உள்ளது. புது வீடு கட்டுபவர் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது உபாகமம் (22:8). 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ், தமது ‘மிஷ்னே தோரா’வில் அச்சுவருக்கு அளவு தருகிறார்: பத்துக் கையகல உயரம், ஒருவர் சாய்ந்தாலும் தாங்கும் உறுதி. இந்தக் கடமை குடியிருக்கும் வீட்டுக்கே உரியது. கிடங்குக்கும் மாட்டுத்தொழுவத்துக்கும் விலக்கு உண்டு.

கேரேஜும் ஒருவகைக் கிடங்குதான். அதற்கும் விலக்கு உண்டா? மைமோனிடிஸ் அடுத்து எழுதுவது அந்த வாசலை அடைக்கிறது. முற்றத்தில் கிணறோ குழியோ இருந்தால் சுவர் எழுப்ப வேண்டும், அல்லது மூடி போட வேண்டும். உயிருக்கு ஊறு தரும் எந்தத் தடையையும் அகற்றுவது கட்டளை. விலக்குப் பெறுவது கிடங்கின் கூரை மட்டுமே. அதற்குள் இருக்கும் ஆபத்துக்கு விலக்கில்லை.

சரி, எப்படிப்பட்ட மூடி? கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் ‘பாவா காமா’ பகுதி, குழியை முறையாக மூடியவர்மீது பழியில்லை என்கிறது. ‘முறையாக’ என்றால் என்ன என்பதை, மிஷ்னாவை விவாதித்து விரிக்கும் பாபிலோனியத் தல்மூத் தோண்டுகிறது. மாட்டைத் தாங்கும், ஒட்டகத்தைத் தாங்காத மூடி ஒன்று. ஒட்டகங்கள் வழக்கமாக வரும் வழியில் அதைப் போட்டவர் அசட்டையாக இருந்தவர். ஒட்டகமே வராத வழியில் அதே பலகை குற்றமற்றது. எப்போதாவது வரும் வழிதான் வாதத்துக்குரியது. ஆக, மூடியின் தகுதியைத் தீர்மானிப்பது அந்த வழியின் போக்குவரத்து.

கேரேஜின் ஒட்டகங்கள் எவை என்று பார்த்தால் பொருள் தேர்வு எளிதாகிறது. உத்தரத்தை ஒட்டி உயரத்தில் செல்லும் வயரை எதுவும் எளிதில் தொடாது. இடுப்புக்குக் கீழே நிலைமை வேறு: கார் பம்பர், சைக்கிள் கைப்பிடி, சாய்த்து வைத்த ஏணி, சுவரில் உரசும் மண்வெட்டி. அமெரிக்காவின் தேசிய மின் விதி, வீடுகளில் ஓடும் பிளாஸ்டிக் உறைக் கேபிளை, ‘தேவைப்படும் இடத்தில்’ அடிபடாமல் காக்கச் சொல்கிறது. அதற்கு உலோகக் குழாய்களையும் ஷெட்யூல் 80 பிவிசி குழாயையும் அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஷெட்யூல் 40 குழாய்க்கும் அதே வெளிவிட்டம்தான். குழாயின் சுவர் மட்டும் மெல்லியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பம்பர் இடிக்கும்போதுதான் வேற்றுமை தெரியும். எந்த இடம் ‘தேவைப்படும் இடம்’ என்பதை விதி முழுதாக அளந்து தருவதில்லை. அதை அங்கே நின்று பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தல்மூத் இன்னொரு நிலையையும் பேசுகிறது: முறையாகப் போட்ட மூடி உள்ளிருந்தே புழு அரித்து உளுத்துவிடுகிறது. வெளியே தெரியாத கேட்டுக்கு உரிமையாளர் பொறுப்பல்ல என்பது முடிவு. இரும்புக் குழாய்க்குள் ஈரம் தங்கித் துரு ஏறுவது இதை ஒத்தது. ஆனால் முன்கூட்டியே தெரிந்த கேட்டுக்கு இந்த மன்னிப்பு பொருந்தாது. அறுத்த குழாயின் முனைப்பிசிறைத் தேய்க்காமல் வயரை இழுத்தால் உறை கிழியும். எர்த் கொடுக்காத உலோகக் குழாயை உறை கிழிந்த வயர் தொட்டால் குழாய் முழுதும் மின்சாரம் ஏறும். அப்போது மூடியே குழியாகிவிடுகிறது.

சமண மரபு இதே கேள்வியை மனத்தின் பக்கத்திலிருந்து அணுகுகிறது. கவனக்குறைவோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் வரையறை. வந்தவாசி அருகே பொன்னூர் மலையோடு மரபு தொடர்புபடுத்தும் குந்தகுந்தர், ‘பிரவசனசார’த்தில் இன்னும் ஓரடி முன்னே போகிறார்: உயிர் போனாலும் பிழைத்தாலும், கவனமற்றவருக்கு இம்சை உறுதி, கவனத்தோடு நடப்பவரை நேர்ந்துவிட்ட ஊறு மட்டும் பிணிக்காது. ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் காட்டும் கவனத்தைத் துறவியின் ஐந்து சமிதிகளில் (கவன நெறிகளில்) ஒன்றாகவே இம்மரபு வைத்திருக்கிறது.

இரண்டின் அளவுகோலும் வேறு. யூதச் சட்டம் மூடியைச் சோதிக்கிறது. சமணம் மூடியவரைச் சோதிக்கிறது. மெல்லிய குழாய் பத்தாண்டுகள் அடிபடாமல் தப்பினால், முன்னதன்படி இழப்பீட்டு வழக்கு எழாது. பின்னதன்படி குற்றம் அன்றே நிகழ்ந்துவிட்டது. ஆனால் வேலை தொடங்கும்போது இரண்டும் கேட்பது ஒன்றையே: குழாயை வாங்கும் முன் அந்தச் சுவரோரம் எவை வந்து போகின்றன என்று பார்த்தாயிற்றா?