திறந்த கடையும் திறக்காத கணக்கு நோட்டும்

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 4:1-7



இந்த மாதம் ஒரு கடன் கணக்கைப் பற்றி உங்களோடு பேசும்படி ஆவியானவர் என்னை ஏவினார். அதில் என்னுடைய தவறும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2020-ம் வருஷத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் 24-ந்தேதி சாயங்காலம் 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் டிவியில் பேசினார். நள்ளிரவு முதல் தேசம் முழுவதும் 21 நாள் ஊரடங்கு. 21 நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தோம். அது மே 3, மே 17, மே 31 என்று நீண்டுகொண்டே போனது. ரேஷன் கடையில் கொடுத்த 1,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்? மே 11-ந்தேதி முதல் டீக்கடை உட்படப் பல கடைகளைத் திறக்க அனுமதி கிடைத்தது. டீக்கடையில் பார்சல் மட்டும்தான். ஷட்டரைத் தூக்கியாயிற்று, வாங்குகிற கையில் காசு இல்லை. பஸ் ஓடவில்லை. கல்யாணத்திற்கு 50 பேருக்கு மேல் கூடாது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது.

சபையும் மூடித்தான் கிடந்தது. அந்த வருஷம் ஏப்ரல் 12-ந்தேதி உயிர்த்தெழுதல் பண்டிகையை வீட்டுக்குள் ஆசரித்தோம். செப்டம்பர் 1-ந்தேதி முதல்தான் எல்லா ஆலயங்களையும் திறக்க அனுமதி கிடைத்தது. செப்டம்பர் 6, ஞாயிறு. முகக்கவசம் போட்டுக்கொண்டு, இடைவெளி விட்டு உட்கார்ந்தோம். பாதிப் பேர் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் எனக்குள் வேறொரு பாரமும் இருந்தது. நாம் கூடுகிற ஹாலுக்கு 5 மாத வாடகை பாக்கி.

அன்றைக்கு ஆராதனை முடியும் முன்பு நம் சகோதரர் ஒருவர் எழுந்து சாட்சி சொன்னார். கடைவீதியில் தையல் கடை வைத்திருப்பவர். 4 மெஷின், 2 டெய்லர், காஜா பட்டன் எடுக்க ஒரு அம்மா. "கர்த்தர் கடையைத் திறந்துட்டார் பாஸ்டர்! இது முதற்பலன் காணிக்கை" என்று சொல்லி ஒரு கவரை என் கையில் வைத்தார். 5,000 ரூபாய். நான் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தேன். இந்த விசுவாசத்தைப் பாருங்கள் என்று சபைக்கு முன்பாக அவரை உயர்த்திப் பேசினேன். சபை முழுவதும் கைதட்டி "அல்லேலூயா" என்றது.

கடைசி வரிசையில் அந்தக் காஜா எடுக்கிற அம்மா உட்கார்ந்திருந்தார். அவரும் நம் சபை விசுவாசிதான். விதவை. எல்லாரும் போன பிறகு ஜெபத்துக்கு வந்தார்.

"என்னம்மா, எதுக்கு ஜெபிக்கணும்?"

"ஒரு நிலுவை வரணும் பாஸ்டர். ஊரடங்குக்கு முன்னாடி செஞ்ச வேலைக்கு. வந்துட்டா வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டுருவேன்."

"எங்கேயிருந்து வரணும்?"

அந்த அம்மா தரையைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. நானும் புரியாதவன் போல ஜெபித்து அனுப்பிவிட்டேன். தேவபிள்ளைகளே, எனக்குப் புரிந்தது. புரிந்தும் சும்மா இருந்தேன்.

ராத்திரி என் மனைவி கேட்டாள்: "அந்தக் கவர்ல இருக்கறது யார் காசுங்க?" நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் ஹால் ஓனர் வாசலில் வந்து நின்றார். கவர் என் வேதப்புத்தகத்துக்குள் இருந்தது. எடுத்துக் கொடுக்கக் கை போனது. அந்தக் கவர் இருந்த பக்கம் 2 இராஜாக்கள் 4-ம் அதிகாரம்.

அந்தச் சம்பவம் உங்களுக்குத் தெரியும். ஒரு தீர்க்கதரிசியின் மனைவி எலிசாவிடம் வந்து கதறுகிறாள். புருஷன் இறந்துவிட்டான். கடன் கொடுத்தவன் அவளுடைய 2 பையன்களையும் அடிமையாக்கிக் கொண்டுபோக வந்து நிற்கிறான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவள் புருஷன் சூதாடிக் கடன்பட்டவன் அல்ல. கர்த்தருக்குப் பயந்தவன் என்று வேதமே சொல்லுகிறது. கர்த்தருக்குப் பயந்த மனுஷனும் கடனோடு சாகலாம். ஆகையால் கொள்ளைநோய்க் காலத்தில் கடை மூடியவனைப் பார்த்து, இவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று நம்மில் ஒருவனும் சொல்லக்கூடாது. வீட்டில் ஒரு குடம் எண்ணெய்தான் மிச்சம். பக்கத்து வீடுகளில் வெறும் பாத்திரங்களைக் கடன் வாங்கி, கதவை அடைத்துக்கொண்டு ஊற்றச் சொன்னார் எலிசா. கதவை அடைத்த பிறகுதான் அற்புதம் நடந்தது! அல்லேலூயா!

அவ்வளவு நாளும் இந்த அதிகாரத்தை நான் பிரசங்கித்தபோதெல்லாம் எண்ணெய் நிரம்பினதோடு நிறுத்திவிடுவேன். அந்தத் திங்கட்கிழமை 7-ம் வசனம் என்னைப் பிடித்தது. பாத்திரங்கள் நிரம்பியதும் அவள் சந்தைக்கு ஓடவில்லை. திரும்பவும் தேவமனுஷனிடத்தில் வந்து நிற்கிறாள். அவர் சொன்ன ஒழுங்கு என்ன? எண்ணெயை விற்றுக் காசாக்கு. கடன்காரன் கணக்கை முடி. அதற்குப் பிறகு மிச்சம் இருப்பதில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். எனக்கு ஒரு பங்கு கொண்டுவா என்று எலிசா கேட்கவில்லை! அற்புதத்தில் வந்த எண்ணெய் முதலாவது போய்ச் சேர்ந்தது கடன் கணக்குக்கு.

ஹால் ஓனரிடம், "ஐயா, இன்னும் கொஞ்சம் டைம் கொடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அப்புறமும் 2 நாள் போராடினேன். புதன்கிழமை சாயங்காலம் கவரை எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனேன்.

சகோதரருக்குக் கோபம் வந்துவிட்டது. "கர்த்தருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொண்டாரீங்களே பாஸ்டர், எனக்குச் சாபம் வராதா?"

"அந்த அம்மாவுக்கு எவ்வளவு பாக்கி தம்பி?"

கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "4,200. கடை நல்லா ஓடட்டும், கொடுத்துடலாம்னுதான் இருந்தேன்."

அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் வரவேண்டியது இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு யூனிபார்ம் தைக்க பிப்ரவரியிலேயே துணி எடுத்து வைத்துவிட்டார். மே, ஜூன் மாதம்தான் யூனிபார்ம் தையலுக்கு அறுவடைக்காலம். அது அப்படியே போனது. பைனான்சில் வாங்கின கடனுக்கு ரிசர்வ் வங்கி கொடுத்த தவணைச் சலுகை மார்ச் முதல் ஆகஸ்ட் 31 வரை இருந்தது. அந்த 6 மாதமும் தவணை கட்டவில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. "சலுகைன்னாங்க, இப்ப கூடுதலா நிக்குது பாஸ்டர்" என்றார்.

அப்போது ஆவியானவர் என் நாவில் ஒரு வார்த்தையைக் கொடுத்தார். தம்பி, தவணையைத் தள்ளிப்போடுவது வேறு, கடனைத் தள்ளுபடி செய்வது வேறு. கொடுத்துடலாம், கொடுத்துடலாம் என்று நீ தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் அந்த அம்மா வீட்டில் வட்டி ஏறுகிறது. அந்த வட்டியை அவர்கள் பசியாய்க் கட்டுகிறார்கள். கூலிக்காரனுடைய கூலியை அன்றன்றைக்கு, பொழுது சாயும் முன்னே கொடுக்கும்படி உபாகமம் 24:15-ல் கர்த்தர் கட்டளையிட்டிருக்கிறார். ஏன்? அவன் ஏழை, அதையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் கர்த்தரை நோக்கி முறையிட்டால் அது உன்மேல் பாவமாய் நிற்கும்.

அவர் கணக்கு நோட்டை எடுத்தார். மார்ச் மாதத்துக்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லையாம். "கடையைத் திறக்கத் தைரியம் வந்துச்சு பாஸ்டர், இதைத் திறக்க வரல" என்று சொல்லி அழுதார். நாங்கள் இருவரும் கட்டிங் மேஜைமேல் நோட்டை வைத்து முழங்காலில் நின்றோம். அன்று ராத்திரியே அந்த அம்மா வீட்டுக்குப் போய் 4,200 ரூபாயைக் கொடுத்தார். மீதி 800 டெய்லர்களுக்கு. அடுத்த ஞாயிறு நான் சபைக்கு முன்பாக என் தவறை அறிக்கையிட்டேன். ஹால் ஓனரிடமும் உள்ளதைச் சொன்னேன். வாடகையை அட்வான்சில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார்.

சகோதரர் கடை பெருகியதா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லுகிறேன். 2021 மே 10-ந்தேதி மறுபடியும் ஊரடங்கு வந்து கடை மூடியது. 2 மெஷினை விற்றார். கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். அதுவரை மாஸ்க் தைத்தார், பழைய துணி ஆல்டர் செய்தார். டெய்லர்களுக்கு வாரம் 200, 200-ஆகக் கொடுத்து முடித்தார். இன்றைக்கும் 2 மெஷின்தான். ஆனால் அந்த அம்மா இன்றும் அங்கேதான் காஜா எடுக்கிறார். இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது!

பிரியமானவர்களே, அந்த நாட்களில் ஏறின கடன் இன்னும் நம்மில் அநேகர் வீட்டில் நிற்கிறது. கடை திறந்தாயிற்று, ஆலயமும் திறந்தாயிற்று. நோட்டைத் திறந்தாயிற்றா? யார் யாருக்குத் தரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கூலியை முதலில் எழுதுங்கள். உங்களை நம்பிச் சரக்குப் போட்ட சின்ன வியாபாரியை அடுத்து எழுதுங்கள். பணம் இல்லையா? பார்த்தும் பாராதவர் போலத் தெரு மாறிப் போகாதீர்கள். நேரில் போய், இவ்வளவுதான் முடியும், இந்தத் தேதியில் தருகிறேன் என்று சொல்லுங்கள். காணிக்கை போடுவதற்காக மீட்டர் வட்டிக்குப் போகாதீர்கள். அப்படிப்பட்ட பணத்துக்காக எந்தப் பாஸ்டரும் காத்திருக்கக்கூடாது.

காணிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பலிபீடத்தண்டை வந்த பிறகும், சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொன்னவர் நம்முடைய ஆண்டவர் (மத்தேயு 5:23,24). பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான் என்று சொல்லி மடக்கினவர்களை அவர் கடிந்துகொண்டார் (மாற்கு 7:11-13). சகேயு வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்ற நாளில்தான் அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக இயேசு அறிவித்தார் (லூக்கா 19:8,9).

கையில் வசதி உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த விதவைக்குப் பாத்திரம் கொடுத்த அயலகத்தார் யார்? நாம்தான். நம் சபையில் கடை வைத்திருக்கிறவரிடம் ஒரு சட்டை தைக்கக் கொடுங்கள். பேரம் பேசாமல் அன்றைக்கே காசைக் கொடுங்கள். வாடகைக்கு விட்டவர்களே, கடன் கொடுத்தவர்களே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கிற வெறும் பாத்திரத்தில் கர்த்தர் எண்ணெய் ஊற்றுவார்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, கடனால் தூக்கம் இழந்த உம்முடைய பிள்ளைகளைக் கண்ணோக்கிப் பாரும். மூடின கடைகளைத் திறந்தருளும். திறந்த கடைகளில் உண்மையைத் தாரும். நாங்கள் மறைத்து வைத்த கணக்குகளைத் திறக்கத் தைரியம் தாரும். கூலிக்காக ஏங்குகிற ஒருவரும் எங்கள் நிமித்தம் உம்மிடத்தில் முறையிடாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.