துணுக்கும் தீர்ப்பும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் எடுக்க வரும் வணிகர் மூட்டை முழுவதையும் கொட்டிப் பார்ப்பதில்லை. கையளவு மாதிரியைப் பார்த்தே விலை கூறுகின்றனர். ராசிங்காபுரத்திலிருந்து மலையேறிக் காய் பறிப்போரும் இதனை நன்கறிவர். மாதிரியை மூட்டையின் வாய்ப்புறத்திலிருந்து மட்டும் எடுத்தால், அடியில் கிடப்பதைப் பற்றி அது என்ன சாட்சி சொல்லும்?

இதே வினா இரைப்பையைப் பற்றியும் எழுகின்றது. வாய்வழியே குழாய்க் கருவியைச் செலுத்தி, உட்சுவரிலிருந்து சில மில்லிமீட்டர் அளவேயான சதைத் துணுக்குகளைக் கிள்ளி எடுக்கின்றனர். அங்கிருப்பது வெறும் அழற்சியா, நிணநீர்ப் புற்றா என்று நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் கண்டு தீர்ப்புரைக்க வேண்டும். இரண்டிலும் நிறைந்து நிற்பவை நிணநீர் அணுக்களே! புற்றோ பல வேளைகளில் மேற்பரப்பின் கீழே, விட்டுவிட்டுப் பரவிக் கிடக்கும். ஆகவேதான் புண்ணிலிருந்து பத்துக்குக் குறையாத துணுக்குகளும், நலமாகத் தோன்றும் இடங்களிலிருந்து மேலும் சிலவும் வேண்டுமென வல்லுநர் கேட்கின்றனர்.

1993இல் வொதர்ஸ்பூன், ஐசக்சன் முதலான ஆய்வாளர்கள் இத்தீர்ப்புக்கு 0 முதல் 5 வரை படிகள் வகுத்தனர். 5 என்றால் புற்று உறுதி. 4 என்றால் ஐயம், ஆயினும் பெரும்பாலும் புற்று. 3 என்றாலும் ஐயமே, ஆயினும் பெரும்பாலும் அழற்சி. மதரஸாவில் உசூல் கிதாபு ஓதியோருக்கு இது புதிதன்று. உறுதியை யகீன் என்றும், ஒருபுறம் சாய்ந்த எண்ணத்தை ளன்னு என்றும், இருபுறமும் ஒத்த ஐயத்தை ஷக்கு என்றும் நூலோர் பிரித்து வைத்தது, ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துத் தீர்ப்பளிக்கலாகாது என்பதற்காகவே அன்றோ? (நான்காம் படியை ளன்னு என்றழைக்க நமக்கு ஆவல் பிறக்கிறது, மருத்துவர்கள் பொறுத்தருள்க.)

அதே ஆய்வு வேறொன்றையும் காட்டிற்று. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை மருந்தால் ஒழித்தபோது, 6 நோயாளிகளில் 5 பேரிடம் புற்றே மறைந்தது. முன்னர் இரைப்பையையே அறுத்தெடுத்த நோய் இது! மெல்ல வளரும் வகைக்கே இம்மருந்து போதும். விரைந்து வளரும் வகைக்குக் கடுமையான மருத்துவம் வேண்டும். ஆகவே ஒரு பெயரைக் கூட்டி எழுதினாலும் தீங்கு, குறைத்து எழுதினாலும் தீங்கு.

"மீண்டும் துணுக்கு எடுக்க வேண்டும்" என்று மருத்துவர் சொன்னால், நம் வீடுகளில் அவரை ஒன்றும் தெரியாதவர் என்று பேசுகிறோம். நாள்கூலியை இழந்து வரும் தோட்டத் தொழிலாளிக்கு இரண்டாம் பயணம் இலேசன்று; அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அச்சுமைக்கு இரங்கி, மூன்றாம் படியை ஐந்தாம் படியாக எழுதிவிடலாமா? முதல் நாளிலேயே போதிய துணுக்குகளை எடுத்தால் பலருக்கு அப்பயணம் மிச்சமாகும். இரக்கம் காட்டவேண்டிய இடம் குழாய் செலுத்தும் அந்த அறையே. நுண்ணோக்கி இருக்கும் மேசையன்று.